வேர்க்கிளம்பி இறங்குறவங்க

மூடியில் அரசு முத்திரை.
விலையில்லா மடிக்கணினி என்று
பிளஸ் டூவில் கையெழுத்து வாங்கித் தந்தார்கள்.
வகுப்பில் பாதிப்பேர் விற்று செல்போன் வாங்கினார்கள்.
என்னுடையதில் 'ழ' விழாது,
அதனால் யாரும் கேட்கவில்லை.

இப்போது ஆஸ்பத்திரியில் பில் போட்டு முடித்து
ஒன்பதரைக்கு வீடு வந்து அதைத் திறக்கிறேன்.
உள்ளே காற்றாடி தேங்காய் துருவுகிறது.

பெரிய எஞ்சின்கள் இதில் ஏறாது.
ஒன்று பதினாறு ஜிபி கேட்டது.
ஒன்று கிரெடிட் கார்டு கேட்டது.
ஒன்று, உங்கள் இயங்குதளத்துக்கு வழியில்லை என்று
மிக மரியாதையாகக் கதவைச் சாத்தியது.
லினக்ஸ் என்றால் அப்படித்தான்,
கல்யாண வீட்டில் இரண்டாம் பந்திக்கு நிற்பவர்களின் பொறுமை வேண்டும்.

பிறகு இது வந்தது.
அக்காளின் கல்யாண வீடியோவில் கால்வாசி கூட இல்லை அளவு.
நிறுவவே வேண்டாம்.
அவிழ்த்தேன், சொடுக்கினேன், நின்றது.

பஸ் செய்கிறேன் என்றேன் அம்மாவிடம்.
"எஞ்சின் எவ்வளவு?"
சும்மா.
"சும்மா கெடைக்கிற எஞ்சின்
பாதி வழியில நிக்கும் பிள்ளே."

தக்கலையிலிருந்து குலசேகரம் வரை என் தடம்.
அழகியமண்டபம் வரை குழிகளை எண்ணி வரைந்தேன், நாற்பத்தொன்று.
அதற்கு மேல்
குழியை முதலில் வரைந்து
இடைவெளிகளில் சாலையைச் சேர்ப்பதே எளிதாக இருந்தது.

முதல் ஓட்டத்திலேயே
பஸ் சாலைக்குள் விழுந்தது.
சக்கரம், படி, கூரை, பின்னாலிருந்த ஏணி,
எல்லாம் தாருக்குக் கீழே போய்
இருட்டில் விழுந்துகொண்டே இருந்தது.
ஓரத்தில் ஆழம் காட்டும் எண் நாலாயிரம் தாண்டியும் நிற்கவில்லை.
சாலைக்கு உருவம் கொடுத்திருந்தேன்,
உடல் கொடுக்க மறந்திருக்கிறேன்.

உடல் கொடுத்தேன்.
பிறகு மழையில் சக்கரம் நடுங்கியது.

ஐப்பசி. கரண்ட் போய்விட்டது.
பேட்டரியில் நாற்பது நிமிடம்.
எஞ்சினின் வயிற்றைத் திறந்து
வரி வரியாக இறங்கினேன்.
யாரும் தடுக்கவில்லை.
விலையில்லா என்பது வேறு, கட்டற்ற என்பது வேறு என்று
பத்து வருடம் இரண்டையும் மடியில் வைத்திருந்தவளுக்கு
அப்போதுதான் விளங்கியது.

நடுக்கம் பிறக்கிற இடத்தில்
யாரோ எழுதி வைத்திருந்தார்கள்:
இது ஏன் வேலை செய்கிறது என்று தெரியவில்லை, தொட வேண்டாம்.
எந்த ஊர், எந்த ராத்திரி, அங்கும் மழையா?
தொட்டேன்.
பஸ் தலைகீழாக நின்றது.
பழையபடி வைத்துவிட்டு
என் சக்கரத்தின் எடையைத்தான் குறைத்தேன்.
தப்பு என் பக்கம்.

சத்தம் மட்டும் பாக்கி.
காலை ஏழே முக்கால் வண்டியில்
கண்டக்டர் சில்வான்ஸ் கூவுவதை
மூன்று நாள் திருட்டுத்தனமாகப் பிடித்தேன்.
நாலாம் நாள் மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன்.
டிக்கெட்டைக் கிழித்தபடி கேட்டார்,
முதலில் சிரித்தார், பிறகு யோசித்தார்.
"எடுத்துக்க. வெட்டு, ஒட்டு, யாருக்கும் குடு.
கேட்டா மட்டும் நான் போட்ட சத்தம்னு சொல்லணும்."

எஞ்சினோடு வந்த உரிமத்தாளை அன்றிரவு மறுபடி வாசித்தேன்.
வக்கீல் மொழியில் நீளமாக இருந்தது.
அவர் சில்லறை எண்ணிக்கொண்டே சொன்னது தவிர
அதில் அதிகம் ஒன்றும் இல்லை.

பெயர்ப் பட்டியலில் சேர்த்தேன்.
எஞ்சினைச் செய்தவர்கள், ஆயிரத்துக்கு மேல்.
அதற்குக் கீழே
குரல்: சில்வான்ஸ், காலை வண்டி.

இப்போது ஓடுகிறது.
சாலை பஸ்ஸைத் தாங்குகிறது, குழி குலுக்குகிறது,
"வேர்க்கிளம்பி இறங்குறவங்க, வேர்க்கிளம்பி" என்று
நிறுத்தம் வருமுன்னே கூவுகிறார்.
கதவு திறக்கிறது.
இறங்க ஆட்களை இன்னும் நான் வரையவில்லை.
கொஞ்சம் நின்றுவிட்டு
மூடுகிறது.