ஐம்பது வரை

ஔலு நகரில் காலை ஆறு மணி.
விடிய இன்னும் நான்கு மணி நேரம் இருக்கிறது.
ஹில்க்கா சோதனையைத்தான் முதலில் படிப்பாள்,
நிரலை அப்புறம்.
விருந்துக்குப் போனாலும்
சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு உட்காருகிறவள்.

வந்திருப்பது புதிய செயல்கூறு ஒன்று.
திறந்து கிடக்கும் கோப்புகளை
இன்ன எண்ணிலிருந்து இன்ன எண் வரை
ஒரே அழைப்பில் மூடிவிடுமாம்.
அனுப்பியவன் லௌதாரோ.
சிலி நாட்டில், வல்திவியாவில் இருக்கிறான்.
அங்கே இரவு ஒரு மணி, கோடைக்காலம்.
முகம் தெரியாது.
காற்புள்ளிக்குப் பின் இடம் விடமாட்டான்
என்பது மட்டும் தெரியும்.

இருநூற்றுப் பன்னிரண்டு வரிச் சோதனை.
நூறு கோப்புகளைத் திறக்கிறது.
மூன்றிலிருந்து ஐம்பது வரை மூடச் சொல்கிறது.
மூடினாயா என்று கேட்கிறது.
மூடினேன் என்று பதில் வருகிறது.
பச்சை.

அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு.
செயல்கூற்றின் வயிற்றைக் கீறி
உள்ளே இருந்த நாற்பது வரிகளையும் வழித்துப் போட்டுவிட்டு
ஒன்றே ஒன்றை எழுதினாள்:
சுழியத்தைத் திருப்பிக் கொடு.
மறுபடி ஓட்டினாள்.
பச்சை.

நூறும் திறந்தே கிடக்கின்றன.
ஒரு கதவையாவது
தள்ளிப் பார்த்திருக்கலாம்.

காப்பி ஆறிக்கொண்டிருந்தது.
இது சோதனையே இல்லை, என்று எழுதினாள். அழித்தாள்.
தூக்கத்தில் எழுதினாயா? அழித்தாள்.
(அங்கே மணி ஒன்று. ஒருவேளை தூக்கத்தில்தானோ.)
கடைசியில் போனது இது:
"உன் செயல்கூற்றைக் காலி செய்தேன்.
சோதனை அப்படியும் தேறிவிட்டது.
நீயும் ஒருமுறை செய்து பார்.
இன்னொன்று, ஐம்பது வரை என்றால்
ஐம்பதும் சேர்த்தா?"

வரை.
கோடு இழுத்தால் அதுவும் வரை,
மலைக்கும் அதே பெயர்.
கோட்டின் மேலேயே நிற்கிறவன் எந்தப் பக்கத்து ஆள்
என்று மட்டும் சொல்லாது.
பின்னிஷ் மொழியில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது,
ஸ்பானிய மொழியிலும் இருக்கிறது.
இரண்டும் இதே மாதிரி
வாயைத் திறப்பதில்லை.

மூன்று நாள் பேச்சில்லை.
கோபித்துக்கொண்டான் போல என்று நினைத்தாள்.
வாசற்பனியை வாரினாள், வேலைக்குப் போனாள்,
தான் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்து
எந்தச் சொல் குத்தியிருக்கும் என்று தேடினாள்.
'காலி' என்ற சொல்லாக இருக்கலாம்.

நான்காம் நாள் வந்துவிட்டது.
இப்போது ஒவ்வொரு எண்ணையும் தட்டிப் பார்க்கிறான்.
இரண்டு திறந்திருக்க வேண்டும்.
மூன்று மூடியிருக்க வேண்டும். ஐம்பது மூடி.
ஐம்பத்தொன்று திறந்து.
கீழே ஒரு குறிப்பு:
"சேர்த்துத்தான்,ஆனால் ஐம்பத்தொன்றும் மூடியிருந்தது,
என் வளையம் ஓரடி கூடுதலாக நடந்திருக்கிறது,
பகலில் படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கிறேன்,
அதனால்தான் தாமதம்."

அன்றிரவு அவளுக்கு வேறொன்று உறுத்தியது.
பதினோரு வருடங்களுக்கு முன் அவளே எழுதியது,
பூட்டுக் கிடைக்கும்வரை காத்திருக்கும் செயல்கூறு.
யார் யாருடைய இயந்திரங்களிலோ
இந்த நேரத்திலும் ஓடிக்கொண்டிருப்பது.
அதன் வயிற்றைக் கீறினாள்.
சுழியத்தைத் திருப்பிக் கொடு.
ஓட்டு.

பச்சை.

தெருவில் பனி அள்ளும் வண்டி
பின்னால் வரும்போது எழுப்பும் ஒலி
விட்டுவிட்டுக் கேட்டது.
யாரும் பார்க்கவில்லை.
மற்ற திருத்தங்களோடு திருத்தமாக
இதையும் உள்ளே தள்ளிவிடலாம்,
அடுத்த பதிப்பில் யார் கவனிக்கப் போகிறார்கள்.

கை கொஞ்ச நேரம் விசைப்பலகை மேலேயே இருந்தது.

பிறகு தனியாகவே பிரித்தெடுத்தாள்.
'என் சோதனை பதினோரு வருடங்களாக
எதையும் சோதிக்கவில்லை'
என்று தலைப்பு வைத்தாள்.
சரிபார்ப்பவர் என்ற இடத்தில்
லௌதாரோவின் பெயரை இட்டாள்.
இட்டதும் பயமாக இருந்தது.

காலையில் பதில் வந்திருந்தது:
"எண்பத்தெட்டாம் வரி,
முப்பது நொடி வரை காத்திருக்கும் என்கிறாய்,
முப்பதும் சேர்த்தா?"