காயச் சான்றிதழ்

கடலாடி தாலுகா ஆபீஸ் எதிரே
தகர மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
'க' மட்டும் அரைகுறையாய் விழுகிற டைப்ரைட்டர்.
மனு எழுதுவது தொழில்.
நியாயம் பார்ப்பதில்லை.
பக்கத்துக்குப் பதினைந்து ரூபாய்.

அன்று முதல் போணி வழிவிட்டான்.
மூக்கையூர்ப் பக்கம் கருவேலங்காட்டில்
பன்னிரண்டு கரிமூட்டத்துக்குச் சொந்தக்காரர்.
பேர்தான் வழிவிட்டான்.
சொல்லச் சொல்ல அடித்தேன்:

உடைமரத்துக் கருப்பன் முன்னால்
சத்தியத்துக்கு ஏற்றிவைத்த சூடத்தை
முத்திருளி என்பவள் அள்ளிக்கொண்டு போய்
அடுப்பு மூட்டினாள்.
தட்டிக்கேட்டதற்கு
'சாமி என்ன ஒங்க கணக்குப்பிள்ளையா' என்றாள்.
என் மனம் புண்பட்டது.
ஊர் மனமும் புண்பட்டது.

என்ன சத்தியம் என்று நான் கேட்கவில்லை.
இரண்டு பக்கம், முப்பது ரூபாய்.
சில்லறை வேண்டாம் என்று போனார்.

சாயங்காலம் மேசையை மடக்கும்போது
அவள் வந்து நின்றாள்.
உள்ளங்கால் இரண்டும் வெந்து தோல் உரிந்து
செருப்பைக் கையில் வைத்திருந்தாள்.

"மாமனார் வாங்குனது எண்ணூறு.
இப்ப ஒம்பதாயிரம்னு சொல்றாக.
வருசா வருசம் ஆடியில
எல்லாரையும் வரிசையில நிறுத்தி
சூடத்தில அடிச்சுச் சத்தியம்:
கடன் தீருமட்டும் காட்டைத் தாண்ட மாட்டேன்னு.
என் முறை வந்தப்ப மழை புடிச்சுக்கிச்சு.
வெறகெல்லாம் நனஞ்சு போச்சு.
புள்ள கஞ்சிக்கு அழுகுது.
அங்க ஒரு தீ
சும்மா எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

அவ்வளவுதான் அவள் சொன்னது.
கொத்தடிமை ஒழிந்துவிட்டது என்ற சட்டத்தை
கார்பன் வைத்து எத்தனையோ முறை அடித்திருக்கிறேன்.
இன்னொரு முறை அடித்தேன்.
காலையில் அடித்த அதே ரிப்பன்.
அதே அரைகுறை 'க'.
கடன், கருப்பன், கரிமூட்டம்,
எல்லாவற்றிலும் கொஞ்சம் உடைந்தே விழுந்தது.

இரண்டும் பலித்தன.

பரமக்குடிக் கோட்டாட்சியர் ஜீப்பில் வந்து
காட்டுக்குள் நடந்து பார்த்து
பதினேழு பேருக்கு விடுதலைச் சான்று கொடுத்தார்.
முதுகுளத்தூர்க் கோர்ட்டில்
முத்திருளிக்கு வாய்தா போட்டார்கள்.
இப்போது ஒரே பிளாஸ்டிக் கவரில்
அவள் விடுதலையும் சம்மனும்
முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன.
மாதம் ஒருமுறை பஸ் ஏறுகிறாள்.
கூப்பிடுகிற வரை நிற்கிறாள்.
நாலாவது வருடம்.

அடிதடி என்றால்
பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும்,
டாக்டர் அளந்து எழுத வேண்டும்:
இத்தனை சென்டிமீட்டர், இத்தனை ஆழம்.
மனம் புண்பட்டால் மட்டும்
ஏனய்யா யாரும் அளப்பதில்லை?
வெந்த காலை யாரும் அளக்கவில்லை.
அந்தக் கருப்பனையாவது
ஒரு வாய்தாவுக்குக் கூப்பிடலாம்.
வெட்டவெளியில் நிற்கிறவன்,
மழையில் நனைந்த வீச்சரிவாளோடு வந்து
எனக்கு எங்கேயும் வலிக்கவில்லை என்று
சொல்லிவிட்டுப் போவான்.

இதையும் ஒரு ராத்திரி மனுவாக அடித்தேன்.
அடிமையை ஒழித்த அய்யாமார்களே,
அவளைக் கட்டின சத்தியத்துக்குக்
காவல் நிற்கிற இந்தச் சட்டத்தையும்
எடுத்துவிடுங்கள் என்று.
பெறுநர் என்ற இடத்தில்
யார் பெயரைப் போடுவது என்று தெரியவில்லை.
டிராயரில் வைத்தேன்.

போன வாய்தாவுக்குத் திரும்பும் வழியில்
முத்திருளி பழைய பாக்கியைக் கொடுத்தாள்.
கூடவே ஒரு சூடப் பொட்டலம்.
"மழைக்காலம் வருது, அடுப்புக்கு ஆகும்."
வாங்கி அந்த மனுவின் மேல் வைத்தேன்.
நாலு மிளகு போட்டு வைத்திருக்க வேண்டும்,
மறந்துவிட்டேன்.

இன்று திறந்தால்
பொட்டலம் கட்டு பிரியாமல் இருக்கிறது,
உள்ளே ஒன்றுமில்லை.
யாரும் அடித்து அணைக்கவில்லை.
மனுத்தாள் மட்டும்
கோயில் மாதிரி மணக்கிறது.