ஒட்டும் இல்லை, உறவும் இல்லை

வாங்கியது நான்தான்.
செந்தூல் பாசாருக்கு எதிரே இரும்புக்கடையில்
இரண்டு அட்டை, ஐந்து ரிங்கிட் தொண்ணூறு சென்.
"ஒட்டினா விடாது" என்றார் மிஸ்டர் லோ,
நல்ல ஆணியைப் புகழ்கிற அதே குரலில்.

விடியற்காலை மூன்றே முக்காலுக்குச்
சமையலறை கீச்சிட்டது.
விளக்கைப் போட்டேன்.
சின்ன எலி.
நாலு காலும் பசையில், ஐந்தாவதாக வாலும்.
ஒரு கன்னம் ஒட்டிப்போய்
ஒற்றைக் கண் மட்டும் என் பக்கம்.

அது கெஞ்சியது என்று எழுதமாட்டேன்.
எலிக்குக் கெஞ்சத் தெரியுமா, எனக்குத் தெரியாது.
விலா ஏறி இறங்கிய வேகம் தெரிந்தது.
டயாலிசிஸ் மையத்தில் பதினோரு வருஷம்
நாடி பார்த்த கை இது,
எண்ண முயன்று தோற்றது.

"அட்டையோட பையில் கட்டிக்
குப்பைக் குழாயில் போடு" என்றான் குணாளன்,
போர்வைக்குள்ளிருந்து.
பதினாலு மாடி.
செத்துவிடுமா?
"சாகும். மெதுவா."
சொன்னவனே எழுந்து உட்கார்ந்தான்.
அந்த 'மெதுவா' அவனைப் படுக்கவிடவில்லை.

மாமியார் இருந்தால்
பிள்ளையார் வாகனம், பாவம் வந்து சேரும் என்பார்.
எனக்கு அந்தக் கணக்கு இல்லை.
படிவத்தில் சமயம் என்று கேட்டால்
'மற்றவை'யில் டிக் அடிக்கிறவள்.
மேலேயிருந்து யாரும் பார்க்கவில்லை.
அடுத்த பிறவியில் நான் எலியாகப் போவதில்லை,
இந்த எலி என் முப்பாட்டனும் இல்லை.
எனக்கும் அதற்கும்
ஒட்டும் இல்லை உறவும் இல்லை
என்று நினைத்த கணமே
ஒட்டு என்ற சொல்
அட்டையில் கிடந்து துடித்தது.

"ஐயோ பாவம்" என்றேன், வாய்விட்டு.
ஒரே சொல்தான்.
செய்தால் சேர்வதும் பாவம்,
பார்த்தால் வருவதும் பாவம்.
முதலாவதைக் கழற்றி எறிந்து
வருஷங்கள் ஆயிற்று.
இரண்டாவது நாக்கிலேயே இருக்கிறது,
எந்த எண்ணெய்க்கும் வராமல்.

பாமாயில். பழைய துவாலை. இரட்டைக் கையுறை.
எலிக் காய்ச்சல் எனக்குத் தெரியும்,
அதில் சிறுநீரகம் ஓய்ந்தவர்கள்
என் நாற்காலிகளில் சாய்ந்திருக்கிறார்கள்.
குணாளன் டார்ச் பிடித்தான்.
ஒரு கால். ஊற்று. பொறு.
அடுத்த கால்.
கடித்தது.
கடிக்கத்தானே வேண்டும்.
இருபத்தாறு நிமிஷம்.
வால் நுனித் தோல்
அட்டையோடு போயிற்று.
அது என் கணக்கில்.

செருப்புப் பெட்டியோடு லிஃப்டில் இறங்கினோம்.
ஏழாவது மாடியில் காக் ரொஹாயா ஏறினார்,
நாசி லெமாக் கூடையோடு.
பெட்டிக்குள் சுரண்டல்.
பூனைக்குட்டியா என்றார்.
எலி என்றேன்.
கூடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்,
வேறொன்றும் கேட்கவில்லை.

கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால்
லோங்காங் ஓரம் பெட்டியைச் சாய்த்தேன்.
எண்ணெய் வழிய ஓடியது,
திரும்பிப் பார்க்காமல்.
அங்கே பூனைகள் உண்டு, தெரியும்.
பூனைக்குப் பசி.
என் அட்டைக்கு வெறும் பசை.

எலிமேல் அன்பா? கிடையாது.
சனிக்கிழமை சிங்க்குக்கு அடியில் ஓட்டையில்
கம்பிச் சுருளைத் திணித்து
சிமெண்ட் பூசினேன்.
நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.
இதை முதலிலேயே செய்திருக்கலாம்,
அரை மணி வேலை.

மிச்சம் ஒரு அட்டை.
காசு திரும்ப வராது என்றார் மிஸ்டர் லோ.
அப்படியே எறிந்தால் குப்பைமேட்டில்
வேறெதன் காலிலோ விடியும்.
பிரித்து வைத்து,
சிமெண்டுக்கு வாங்கிய மணலில் மீந்ததை
ஒரு பிடி அள்ளித் தூவினேன்.
அது வேலை தெரிந்த பசை,
ஒரு துகளையும் விடவில்லை.
மணலுக்கு வலிக்காது.
இப்போதைக்கு
என் நம்பிக்கை இவ்வளவுதான்.