திரும்பாத_படகுகள்()

தமிழில் பெயர் வைத்தாலும் போஸ்ட்கிரஸ் ஒன்றும் சொல்வதில்லை,
நடுவில் ஓர் அடிக்கோடு போதும்.
கடலூர் முதுநகர், துறைமுகத்து டோக்கன் ஆபீஸ்.
வெளியே மூன்றாம் எண் கூண்டு ஏறியாயிற்று.
உள்ளே நான், சூடேறும் லேப்டாப்,
சம்பளம் பேசி முடிக்காத ஒப்பந்த வேலை.

போன படகுகள் ஒரு டேபிளில்,
வந்தவை இன்னொன்றில்.
போனதில் வராததைக் கொடு.
நாலு வரி ஃபங்ஷன்,
டீ ஆறுவதற்குள் முடித்தேன்.

ஓட்டினேன். பதில் வந்தது:
செங்கேணியம்மன் துணை, சோனங்குப்பம், ஆறு பேர்.
"ஒண்ணே ஒண்ணா!" என்றார் மஞ்சினி அண்ணன்.
முகம் லேசாகிவிட்டது அவருக்கு.

எனக்கு ஜன்னல் தெரிந்தது.
உப்பனாற்றுக் கரையில் நின்றது
ஒரு படகுக்கான கூட்டம் இல்லை.

தப்பு என்னுடையது.
முதல் வரியில் 'செட்ஆஃப்' என்ற சொல்லை விட்டிருந்தேன்.
அது இல்லாவிட்டால்
எத்தனை வரிசை இருந்தாலும் முதலாவதை நீட்டிவிட்டு
மற்றதைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும்.
பிழை என்று ஓர் எழுத்து வராது.

சேர்த்து ஓட்டினேன்.
பதினேழு.
சிங்காரத்தோப்பு ஆறு. தேவனாம்பட்டினம் நாலு.
அஞ்சாபுலி என்ற பெயர் இரண்டு படகில்,
உறவு கிடையாது, சும்மா ஒரே பெயர்.

ஒவ்வொரு படகோடும் வீட்டு நம்பரைச் சேர்க்க
லூப் வைத்தேன். ரிட்டர்ன் நெக்ஸ்ட்.
பெயர்தான் ரிட்டர்ன், ஃபங்ஷன் எங்கும் திரும்பாது;
ஒரு வரிசையை ஓரமாய் வைக்கும், மறுபடி உள்ளே போகும்,
கடைசிவரை யாருக்கும் எதுவும் காட்டாது.
மஞ்சினி அண்ணனும் அப்படித்தான்.
மழையில் இறங்கிப் போய்
கரை சேர்ந்ததைத் துண்டுச்சீட்டில் குறித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டே இருக்கிறார்.
"ஒண்ணொண்ணா கொண்டாங்கண்ணே!" கத்துகிறேன்.
காற்றுக்குத்தான் கேட்கிறது.

பன்னிரண்டு.
பன்னிரண்டு.
ஒன்பது.

ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒருத்தி,
"அதுல எங்க படகு பேரு இருக்கா?"
நிவாரணப் பட்டியலில் பேர் இல்லை என்று
போன வருஷம் இதே கம்பியை உலுக்கியவள்.
இருக்கு என்றேன்.
அங்கேயே உட்கார்ந்துவிட்டாள், ஈரத்தில்.

மூன்று.
மூன்று.
மின்சாரம் போனது. பேட்டரி இருபத்திரண்டு சதவீதம்.
ஒன்று. சோனங்குப்பம், ஆறு பேர்.
இந்த முறை நிஜமாகவே ஒன்று.

விடியற்காலை மூன்றே முக்காலுக்கு
தலைப்புகள் மட்டும் வந்தன:
படகு, ஊர், ஆட்கள், நம்பர்.
கீழே ஒரு கோடு. அதன்கீழ்
பூஜ்யம் வரிசைகள்.

இது நல் இல்லை, பிழை இல்லை.
பதில் வந்திருக்கிறது, அதில் யாரும் இல்லை.
இப்படி ஒரு வெறுமைக்காக
இரவெல்லாம் என்டர் தட்டியிருக்கிறேன்.

ஆனாலும், பதினேழை
ஒன்று என்று சொன்ன ஃபங்ஷன் இது.
"ஒரு தடவை நேர்ல எண்ணிடுங்கண்ணே."
டார்ச்சோடு போனார்.
ஜன்னலடியில் அவள் எழுந்து நிற்கிறாள்.
மஞ்சினி அண்ணன் இன்னும் திரும்பவில்லை.