கொக்கு எங்கே

அழகியமண்டபம் சந்திப்பில் என் ஸ்கூட்டர் இடித்தது
சைக்கிளைக்கூட அல்ல,
அதில் தொங்கிய ஏத்தன் குலையை.
"எக்கா, இம்புட்டு பெரிய குலை கண்ணுல படலியா?"
படவில்லை.
சத்தியமாகப் படவில்லை.

தக்கலை டாக்டர் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி,
மறுபடி மாட்டச் சொல்லி,
கண்ணுக்கு ஒன்றுமில்லை என்றார்.
அறுபத்தெட்டு வயசு மூளை
நடுவில் இருப்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு
ஓரங்களைச் சுருட்டி வைத்துவிடுகிறதாம்,
ஆள் குறைந்த கல்யாண வீட்டில்
பந்திப்பாயைச் சுருட்டுகிற மாதிரி.

செவ்வாய், வெள்ளி. குளிரும் அறை.
திரையின் நடுவில் காரோ லாரியோ மின்னி மறையும்.
அதே நொடியில் ஓரத்தில் எங்கேயோ ஒரு கொக்கு.
"நடுவுல என்ன? கொக்கு எங்க?"
கேட்பவள் ஜெர்லின் ஷைபா.
கார் என்பேன்.
கொக்கை மட்டும் கேக்காத பிள்ளே.

ஊகித்துச் சொல்லலாம் என்றாள்.
நான் சொன்ன இடம் தவிர
மற்ற எல்லா இடத்திலும் நின்றது அது.
அரை நொடி கால் நொடியானது.
கால் நொடி இன்னும் தேய்ந்தது.
ஆறாம் வாரம் ஒரு மத்தியானம்
லாரியை விடாமல் பிடித்தபடியே
வலது மேல்மூலையில் வெள்ளையாய் ஒன்று இறங்கியது.
பார்க்கவில்லை. தெரிந்தது.
நாற்காலியிலேயே கொஞ்சம் குதித்திருப்பேன்.

சாவி இப்போதும் தொலைகிறது.
எதிர்வீட்டுக்காரியின் பெயர்
இப்போதும் நாக்கு நுனிவரை வந்து இறங்க மறுக்கிறது.
அதற்கெல்லாம் இது மருந்தில்லை என்று
ஜெர்லின் முதல் நாளே சொல்லிவிட்டாள்.
ஆனால் திங்கள்சந்தை ரோட்டில்
ரப்பர் ஷீட் ஏற்றிய ஆட்டோ
சந்திலிருந்து மூக்கை நீட்டியபோது
என் கை பிரேக்கில் இருந்தது.

நேற்றுக் காலை டிவியில் மழைச் செய்தி.
கண் முழுக்கப் பேச்சிப்பாறை.
இடது ஓரத்தில், மேசைக்கு அந்தப் பக்கம்,
ஞானசிகாமணியின் கட்டஞ்சாயா கப்
சாஸரில் டிக் டிக்கென்று தட்டிக்கொண்டிருந்தது.
மற்றக் கையால் அதை அமுக்கினார்.
பத்திரிகையை இழுத்து மேலே போட்டார்.
எத்தனை மாசமாக
அந்தக் கையின் மேல் பத்திரிகை கிடக்கிறது?

நான் திரும்பவில்லை.
"தண்ணி நாப்பத்திரண்டு அடியாம்" என்றேன்.
"ஆமா" என்றார்.

வெள்ளிக்கிழமை அவரையும் கூட்டிப் போக வேண்டும்,
துணைக்கு வாரும் என்று பொய் சொல்லி.
ஸ்கூட்டரில் பின்னால் ஏறினால்
அந்தக் கையை
என் தோளில்தான் வைத்தாக வேண்டும்.