கடந்த பன்னிரண்டு மாதங்களில்

சேரம்பாடியில் மூன்று வாரம்.
நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
கேள்வி ஒன்றுதான், பலவாக உடைத்திருந்தோம்:
கடந்த பன்னிரண்டு மாதங்களில்
உடம்புக்கு முடியாதபோது, கடன்காரன் வந்தபோது,
பிள்ளைக்கு வேலை கிடைக்காதபோது
எந்தச் சாமியிடம் போனீர்கள்,
யாரோடு போனீர்கள்.

அட்டைக்கு மூக்குப்பொடி தடவிய காலோடு
லைன் வீடு லைன் வீடாக ஏறி இறங்கினோம்.
ஞானசீலி அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு
ஏறக்குறைய அதே தீக்குச்சியில்
மாரியம்மனுக்குச் சூடம் கொளுத்தியிருந்தாள்.
பீர்முகமதுவின் ஜீப்பில் பெந்தெகொஸ்தே சபைக்கு ஏழு பேர்.
வழியில் யானை நின்றதால்
முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டவர்கள்
அந்த ஏழில் மூன்று பேர்.

இரவில் மடிக்கணினி.
ஆள் ஒரு புள்ளி. கூடப் போனது ஒரு கோடு.
இணைந்தவை ஒன்றையொன்று இழுக்கும்,
இணையாதவை தள்ளும்.
நிரலை ஓட்டினால் எல்லாம் கொஞ்ச நேரம்
ஈசல்போலத் துடித்துவிட்டு அடங்கும்.
மதத்துக்கு ஒரு நிறம் கொடுத்திருந்தேன்.
நிறம் நிறமாகத் திரளும் என்றுதான்
நிதி கேட்ட விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன்.
திரண்டன, ஆனால் லைன் வாரியாக.
ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள்
ஒரே கொத்து.

இன்னொரு கோப்பில் பொம்மை ஊர்.
ஆயிரம் பேர். ஆளுக்குப்
பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே ஒரு நம்பிக்கை.
பச்சைத் தேயிலை விலையைக் குறைத்தால்
கோயிலில் கூட்டம் ஏறும்.
இன்னும் குறைத்தால் ஆட்கள் திருப்பூருக்குப் போய்விடுவார்கள்,
கூட்டம் இறங்கும்.
லெட்சுமியிடம் காட்டினேன்.
கொழுந்துக் கூடையை இறக்காமல் முழுக்கப் பார்த்தாள்.
"இவங்களுக்குக் காய்ச்சல் வருமா?"
வராது.
"அப்ப எதுக்கு இவங்களுக்குச் சாமி?"
அன்று இரவே காய்ச்சல் என்றொரு மாறியைச் சேர்த்தேன்.
பொருத்தம் கூடியது.
அடிக்குறிப்பில் அவள் பெயர் உண்டு,
லட்சுமி என்று திருத்தி.

பிறகு 219.
காத்தமுத்து, தொழிற்சாலையில் இரவு ஷிப்டு.
இலை வாட்டும் தட்டுகளுக்கு நடுவே நின்றபடி
எல்லாக் கேள்விக்கும் இல்லை என்று தலையாட்டினார்.
நான் படிவத்தை மடித்த பிறகு,
கேட்காத கேள்விக்கு:
"எழுபத்தேழுல கப்பல்ல வரும்போது
ஒரு தடவ கேட்டேன்.
அதுக்கப்புறம் யாரையும் கேக்கல."

என்ன கேட்டார் என்று நான் கேட்கவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
தலைமன்னார் ஆய்வு எல்லைக்கு வெளியே.

கோடில்லாத புள்ளியை இழுக்க ஆளில்லை,
தள்ள எல்லோரும் உண்டு.
ஓட்டும்போதெல்லாம் ஓரத்துக்குப் போனார்.
ஒரு முறை மேலே, ஒரு முறை இடது மூலை,
ஒரு முறை திரையையே தாண்டி.
மென்பொருள் பணிவாகக் கேட்டது:
தனிப்புள்ளிகளை நீக்கவா?
வேண்டாம். வேண்டாம். வேண்டாம்.
மதிப்பீட்டாளரும் கேட்டார், படம் தெளிவாகும் என்று.
நாற்பத்தாறு வருட நீளமுள்ள ஒரு கோட்டைப்
பன்னிரண்டு மாத அளவுகோல் காட்டாது என்று
ஒரு பத்தி பதில் எழுதினேன்.
ஒப்புக்கொண்டார்.

இதழ் வந்தது. பக்கம் பதினேழு.
எண்ணிப் பார்த்தேன், நானூற்றுப் பதினொன்று.
பக்கம் அமைத்தவர் ஓரத்துப் புள்ளியை
அச்சழுக்கு என்று நினைத்து அழித்திருக்கிறார்.
மன்னிப்பு மடல், இரண்டு வரி.

சேரம்பாடிக்குக் கொண்டுபோன பிரதியில்
பேருந்திலேயே பேனாவை எடுத்தேன்.
இந்த வகைப் படத்தில் இடத்துக்குப் பொருளில்லை,
கோட்டுக்குத்தான்;
மாணவர்களுக்கு முதல் வகுப்பில் நானே சொல்வது.
எங்கே வைத்தாலும் சரி.
கொண்டையூசி வளைவு முடியும்வரை காத்திருந்து
தென்கிழக்கில் வைத்தேன்.