திருப்பிச் சொல்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
சமையலறைக்குள் நின்றபடி ஏபெல்
சென்னை டவர் ஆகிறான்.
நான் வாசற்படியில், அவனுக்கு முதுகு காட்டி,
விக்டர் டாங்கோ எக்கோ கிலோ ரோமியோ.
முகம் பார்க்கக் கூடாது.
குரல்தான் ஆள்.

சரக்கு ரயில் நுழைந்ததும்
டவர் கத்துகிறது: "ஸ்டேண்ட் பை!"
ஐம்பத்தெட்டுப் பெட்டிகள், எல்லாம் நிலக்கரி.
டவருக்குள் குக்கர் விசில் அடிக்கிறது.

"ஸ்டேண்ட் பைனா இன்னாமே?"
கையிலிருந்த கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவியபடி அப்பா.
கூப்பிடும்வரை பேசாமல் காத்திருப்பது என்றேன்.
"அட, ஜீரோ கேட்டாண்ட ட்ரைலர நிப்பாட்டிக்கினு
இருவது வருசமா அதத்தான பண்றேன்.
எனக்கு எவன் குட்தான் லைசென்சு?"

விமானம் ஓட்டினால் மட்டும் போதாது.
வானத்தில் பேசலாம் இவள் என்று
டெல்லியிலிருந்து ஒரு காகிதம் வர வேண்டும்.

முதல் தடவை ஃபெயில்.
"ப்ளீஸ்" இரண்டு. "சார்" ஏழு.
"அலைவரிசை எல்லோருக்கும் சொந்தம்,
மரியாதையால் அதை அடைக்காதே"
என்றார் தேர்வாளர், பேனாவை மூடிக்கொண்டே.
எங்கள் தெருவில் யாரையும் நான் சார் என்றதில்லை.
ரேஷன் கடையிலும் தாலுகா ஆபீசிலும்
கியூவில் நின்று ஒட்டிக்கொண்டது அது.

ஒன்றில் மட்டும் முழு மார்க்.
கல்லூரியில் மூன்றை நான் "ட்ரீ" என்பேன்,
ஆயிரத்தை "டவ்சண்ட்".
கடைசி பெஞ்சு வரைக்கும் சிரிப்பார்கள்.
ரேடியோ விதிப் புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது:
மூன்று, ட்ரீ. ஆயிரம், டவ்சண்ட்.
இரைச்சலில் உடையாத உச்சரிப்பாம்.
தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர்களைக்
கேட்டு எழுதினார்களோ என்னவோ.

இன்னொரு விதி:
டவர் சொன்னதை நீ திருப்பிச் சொல்ல வேண்டும்.
நீ சொன்னது சரி என்று டவர் சொல்ல வேண்டும்.
அதுவரை எதுவும் சொல்லப்பட்டதாகாது.

நான் சொன்னதைத் திருப்பிச் சொன்ன ஒரே ஆள்
கடன் கொடுத்த வங்கி மேலாளர்.
"பைலட்டா?" என்றார்.
கேள்விக்குறி அவர் சேர்த்தது.

இரண்டாம் தடவை.
காதில் ஹெட்போன், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வழுக்கைத் தலை.
எஞ்சின் நின்றுவிட்டது, உதவி கேள் என்றார்.
வாய் திறப்பதற்குள் வேறொரு இரவு குறுக்கே வந்தது.
கால்வாய் வீட்டுக்குள் வந்த இரவு.
அம்மா போனில் யாரிடமோ அழுதாள்,
பிள்ளைகள் என்றாள், சாமி என்றாள், கரண்ட் இல்லை என்றாள்,
எந்தத் தெரு என்பதைச் சொல்வதற்குள்
லைன் போனது.

மேடே மேடே மேடே.
இடம், இரண்டாவது குறுக்குத் தெரு, கேட்டுக்கு வடக்கே.
தண்ணீர் அம்மாவின் இடுப்பளவு, ஏறிக்கொண்டிருக்கிறது.
பீரோ மேல் ஏறப் போகிறோம்.
ஆட்கள் நான்கு. ஒரு நாய்.

பன்னிரண்டு நொடி ஆகியிருக்காது.
பன்னிரண்டு வயதில் தெரியவில்லை.

தேர்வாளருக்கு நான் சொன்னது
எஞ்சின், உயரம், வயல்வெளியில் இறங்கும் உத்தேசம்.
சார் இல்லை. ப்ளீஸ் இல்லை.
குரல் நடுங்கியது, அதற்கு மார்க் குறைப்பதில்லையாம்.

காகிதம் வந்தது. யூனிஸ் என்பதில் ஓர் எழுத்து தப்பு.
தபால்காரர் ஐம்பது ரூபாய் கேட்டு முப்பது வாங்கிப் போனார்.
ஏபெல் அதை விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்தான்,
கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல.

ராத்திரி பத்தரைக்கு அப்பா போன்.
பின்னால் ஹாரன்கள், யாரோ யாரையோ திட்டும் சத்தம்.
"ஜீரோ கேட்டாண்ட கீறேன். நாப்பத்தோராவது வண்டி.
இன்னும் துன்னல. காலீல தான் வருவேன்."
வழக்கமாக "உம்" என்று வைத்துவிடுவேன்.

"ஜீரோ கேட். வண்டி ஃபவர் ஒன்.
சாப்பிடவில்லை. காலையில் வருகிறீர்கள்."

அந்தப்பக்கம் ஹாரன்கள் மட்டும்.
பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு,
"ஆங்," என்றார்.
"கரீட்டு."